அரிசிப் பேணிக்குள் இருந்த டிஸ்க்

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எண்பதுகளின் பிற்பகுதி அது. அமைதி காக்கவென்று கடல் கடந்து வந்த படை ஊருக்கு ஊர் முகாம் போட்டிருந்த காலம். யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில் இருக்கும் எங்கள் ஊர் கரம்பொனில் ஒழுங்கையை விடியச் சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடினார்கள். மற்ற வீடுகளில் அலுமாரிகளைக் கிண்டிவிட்டுப் போனவர்கள் எங்கள் முன்னறைக்குள் வந்ததும் நின்றுவிட்டார்கள். மேசையில் துணி போர்த்தி வைத்திருந்த பொருளை ஒருவன் துவக்கு முனையால் தொட்டுப் பார்த்தான். இன்னொருவன் வெளியே ஓடிப்போய்த் தங்கள் பெரியவனை அழைத்து வந்தான்.

இவருடைய தமையனார் லண்டனில் ஒரு கந்தோரில் வேலை செய்தார். அங்கே கழித்துவிட்ட கொம்பியூட்டர் ஒன்றைக் கப்பலில் கொழும்புக்கு அனுப்பியிருந்தார். அங்கிருந்து லொறியில் அது எங்களிடம் வந்து சேர்ந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். இவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் நில அளவைப் படம் வரைபவர். எங்களுக்குப் பிள்ளைகள் அப்போது இல்லை. மின்சாரம் இருக்கும் மாலைகளில் இருவரும் கதிரைகளை இழுத்துப் போட்டு அதற்கு முன்னால் இருந்துவிடுவோம். கைநூலை வாசிப்பதும் மூடியைக் கழற்றித் தூசி தட்டுவதும் என் வேலை. புரோகிராம் எழுதுவது இவருடைய வேலை. மூடியைக் கழற்ற இவருக்குப் பயம்.

அது என்ன என்று கேட்டார்கள். சொன்னோம். சொன்னது அவர்களுக்குப் போதவில்லை. திரை, பெட்டி, விசைப்பலகை, டிஸ்க்குகள் அடுக்கி வைத்திருந்த டப்பா, எல்லாவற்றையும் எங்கள் கட்டில் விரிப்பிலேயே சுற்றி ட்ரக்கில் ஏற்றினார்கள். இதைச் சேர்ந்த சாமான் வேறு ஏதும் இருக்கிறதா என்று அவர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் கேட்டார். இல்லை, அவ்வளவுதான் என்றேன். பிறகு இவரையும் ஏறச் சொன்னார்கள். சறத்தோடு நின்றவர் கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஏறினார். ட்ரக் திரும்பும்வரை தலையைக் குனிந்தபடி இருந்தார்.

அன்று முழுவதும் முன்வீட்டு அக்காவும் நானும் முகாம் வாசலில் நின்றோம். உள்ளே விடவில்லை. மறுநாள் காலை மொழிபெயர்ப்பாளரே சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். நடுத்தர வயதுக்காரர். மதுரைப் பக்கத்துத் தமிழ். படலைக்கு வெளியே நின்றபடியே சொன்னார்.

"டீச்சர், அந்த மெசின் ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது. நீங்க வந்து போட்டுக் காட்டணும்னு ஐயா சொல்றாரு. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டா உங்க வீட்டுக்காரர விட்டுடுவாரு."

தொடங்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் மெசினையும் ஆளையும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரிய முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். அங்கே போனவர்கள் எவ்வளவு காலம் கழித்து வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஸ்குறூடிறைவரையும் பென்சில் எழுத்தை அழிக்கும் ஒரு அழிறப்பரையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். முன்வீட்டு அக்கா குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தா. வாசலோடு அவவை நிறுத்திவிட்டார்கள்.

முகாம் என்பது ஒரு மாடி வீடு. தெற்கே கடை வைத்திருந்து பிறகு வெளிநாட்டுக்குப் போய்விட்ட குடும்பத்தின் வீடு. அந்த வீட்டு மகளின் கலியாணத்துக்கு நான் போயிருக்கிறேன். பந்தி வைத்த கூடத்தில்தான் இப்போது எங்கள் கொம்பியூட்டர் இருந்தது. மரப்பெட்டி ஒன்றை மேசையாக்கி அதன்மேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் வானொலிக் கருவிகளைப் பார்க்கும் சிப்பாய் ஒருவன் நின்றான். அதிகாரி கதிரையில் இருந்தார். மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடி போட்டவர். ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு அது விளங்கியது. என்றாலும் மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தே பதில் சொன்னேன். யோசிக்க அந்த நேரம் எனக்குத் தேவைப்பட்டது.

இவர் எங்கே என்று கேட்டேன். அதிகாரி கூடத்துக்குப் பின்னால் மூடியிருந்த கதவைக் காட்டினார். முதலில் இயந்திரம் என்றார்.

விசையைப் போட்டேன். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே கிடந்தது. ஒரு நீளமான கூவலும் அதன்பின் இரண்டு குறுகிய கூவலும் கேட்டன. சிப்பாய் துள்ளிப் பின்னால் போனான். நேற்று முழுவதும் அது இப்படித்தான் கத்துகிறது, ஏதோ எச்சரிக்கை என்று அவன் அதிகாரியிடம் சொன்னான். எச்சரிக்கைதான், ஆனால் அவன் நினைத்தது மாதிரி அல்ல. திரைக்குப் படம் அனுப்பும் தகடு இடம் மாறினால் இயந்திரம் அப்படிக் கத்தும் என்று கைநூலில் வாசித்திருந்தேன். ட்ரக்கில் குலுங்கி வந்ததில் அது தன் பொருத்திலிருந்து எழும்பியிருக்க வேண்டும்.

மூடியைக் கழற்ற அனுமதி கேட்டேன். அதிகாரி எழுந்து இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு தலையசைத்தார். எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, உள்ளே வெடிக்கிற சாமான் ஏதும் இருக்கும் என்று அவர்கள் இன்னும் நினைக்கிறார்கள் என்று. கை தவறினால் அவர்கள் அதை வேறு விதமாக எடுப்பார்கள் என்று மெதுவாகவே வேலை செய்தேன். ஆணிகளைக் கழற்றி மூடியை இழுத்தேன். தகட்டை வெளியே எடுத்தேன். அதன் விளிம்பில் பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்கள் கடற்காற்றில் மங்கிப் போயிருந்தன. அழிறப்பரால் தேய்த்து ஊதி, திரும்ப இறுக்கி அழுத்தினேன்.

இந்த முறை திரையில் பச்சை எழுத்து வந்தது. சிப்பாய் மூச்சு விட்டான். ஆனால் இயந்திரம் அதற்கு மேல் போகவில்லை. செருகியிருப்பது தொடக்க டிஸ்க் அல்ல, சரியானதைப் போட்டு ஏதாவது ஒரு விசையை அமத்து என்று எழுதிவிட்டு நின்றது. நேற்று அவர்கள் டப்பாவில் கைக்கு அகப்பட்டதைச் செருகியிருந்தார்கள்.

அந்தக் காலத்து இயந்திரத்துக்குச் சொந்தமாக ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறையும் தொடக்க டிஸ்க்கைச் செருகினால்தான் அது தான் யார் என்று தெரிந்துகொண்டு எழும்பும். டப்பாவுக்குள் தேடி எங்கள் தொடக்க டிஸ்க்கை எடுத்தேன். இவருடைய கையெழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது. செருகினேன். சுற்றியது, உறுமியது, பதிப்பு பொருந்தவில்லை என்று ஒரு வரி போட்டுவிட்டு அப்படியே உறைந்துபோனது.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். தமையனார் தொடக்க மென்பொருளின் புதிய பதிப்பை லண்டனிலிருந்து இரண்டு டிஸ்க்கில் அனுப்பியிருந்தார். சுற்றிவளைப்புக்கு முதல் நாள் பின்னேரம் இவர் அதை எங்கள் தொடக்க டிஸ்க்கில் ஏற்றத் தொடங்கினார். பாதியில் மின்சாரம் போய்விட்டது. நாளைக்குப் பார்ப்போம் என்று எழும்பி வந்துவிட்டார். ஆகவே அந்த டிஸ்க்கில் பாதி புதியது, பாதி பழையது. ஒன்றை மற்றது ஏற்காது. லண்டன் டிஸ்க்குகளைத் தேடிப் பார்த்தேன். ஒன்று ட்ரக்கில் எதன் கீழோ நசிந்து மடிந்துபோயிருந்தது. மற்றது தனியே எதற்கும் உதவாது.

பழைய பதிப்பின் நல்ல பிரதி ஒன்று இருந்தது. வீட்டில். குசினியில். பால்மா வந்த தகரப் பேணிக்குள், அரிசிக்கு நடுவில். எங்கள் ஊர்க் காற்றின் ஈரம் டிஸ்க்குகளைக் கெடுத்துவிடும் என்று பயந்து, ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று பொலித்தீன் பையில் சுற்றி அரிசிக்குள் புதைத்தவள் நான்தான். தேடுதலின்போது அது என் நினைவிலேயே இருக்கவில்லை. ஆனால் வேறு ஏதும் இல்லை என்று நான் சொன்னதை இந்த மொழிபெயர்ப்பாளர் தன் காதால் கேட்டவர்.

சொல்லாவிட்டால் இயந்திரம் தொடங்காது. சொன்னால், அரிசிக்குள் ஒளித்து வைத்த டிஸ்க்.

கொஞ்ச நேரம் விசைப்பலகையைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தேன். வேலை செய்வதுபோல் இருக்கட்டும் என்று. பிறகு நிறுத்திவிட்டு, வீட்டில் இன்னொரு டிஸ்க் இருக்கிறது என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அதிகாரிக்கு அந்தப் பார்வையே போதும், என்னவோ இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். எங்கே என்று கேட்டார். அரிசிப் பேணிக்குள் என்றேன். ஏன் என்று கேட்டார். உப்புக்காற்று என்றேன். அது காதில் விழுந்தபோது எனக்கே பொய் மாதிரி இருந்தது.

முன்வீட்டு அக்காவை அனுப்பி எடுப்பிக்கலாமா என்று கேட்டேன். மறுத்துவிட்டார். என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒழுங்கை முழுவதும் வேலிகளுக்குப் பின்னால் கண்கள் இருந்தன. குசினிக்குள் இரண்டு பேர் துவக்கோடு நிற்க, பேணியைக் கையில் எடுத்தேன். கையை விட வேண்டாம், கொட்டு என்று சைகை காட்டினார்கள். நிலத்தில் கொட்டினேன். ஒரு கிழமைக்கான அரிசி. அதற்குள்ளிருந்து பையை எடுத்தது மொழிபெயர்ப்பாளர்.

திரும்பிப் போகும்போது ஜீப்பில்தான் அடுத்த பயம் வந்தது. அந்தப் பழைய டிஸ்க்கைப் போட்டால் இயந்திரம் தொடங்கி நின்றுவிடாது. இவர் எழுதிய ஒரு புரோகிராம் தானாகவே ஓடத் தொடங்கும். இவருக்கு அது ஒரு விளையாட்டு. கந்தோரில் கடல் படங்களைப் பார்த்துத் தூரங்களை எடுத்து வைத்திருந்தார். எங்கிருந்து என்று கேட்கும். எங்கே என்று கேட்கும். காற்று எந்தப் பக்கம், எஞ்சின் எவ்வளவு பலம் என்று கேட்கும். ஊர்காவற்றுறையில் இருந்து அனலைதீவுக்கு எவ்வளவு நேரம், குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் என்று சொல்லும். அதோடு விட்டிருக்கலாம். இடங்களின் வரிசையில் கடைசியாக 'அக்கரை' என்று ஒன்றைச் சேர்த்திருந்தார். நீரிணைக்கு அந்தப் பக்கம், இந்தப் படை வந்த நாட்டின் கரை. அந்த வழியாகத்தான் சனங்கள் வள்ளங்களில் தப்பிப் போனார்கள். ஆயுதம் ஏந்திய மற்றவர்களும் அந்த வழியாகத்தான் போய்வந்தார்கள்.

அதைத் தடுக்க ஒரு வழி இருந்தது. தொடங்கும்போது சரியான கணத்தில் இரண்டு விசைகளைச் சேர்த்து அமத்தினால் அந்தப் புரோகிராம் ஓடாது. வெறும் திரை வரும். இவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை என்று காட்டிவிடலாம். அந்தச் சிப்பாய்க்கு அது விளங்கப் போவதில்லை.

ஆனால் இவர் என்ன சொல்லியிருப்பார்? அதுதான் எனக்குத் தெரியாதது. கதவுக்குப் பின்னால் இருப்பவரை நேற்றிலிருந்து கேள்வி கேட்டிருப்பார்கள். இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும். இவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கறிக்கு உப்புக் கூடினால், இல்லை நல்லாய்த்தான் இருக்கு என்று சொல்லும்போதே முகம் காட்டிக்கொடுத்துவிடும். இவர் உள்ளதைச் சொல்லியிருக்க, நான் அதை மறைத்து வெறும் திரையைக் காட்டினால் இருவரும் தொலைந்தோம். ஜீப் முகாம் வாசலுக்குள் திரும்பும்போது முடிவு எடுத்துவிட்டேன். கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் இவரைப் பற்றி நான் அறிந்ததை நம்புவது என்று.

டிஸ்க்கைச் செருகி விசையைப் போட்டேன். காற்றாடி. ஒரு சிறிய கூவல். டிஸ்க் உறுமியது. என் இரண்டு விரல்களும் அந்த விசைகளுக்கு மேல்தான் இருந்தன. கணம் வந்தது. விரல்களை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டேன். இவர் சேர்த்து வைத்திருந்த குட்டி இசை ஒலித்தது. பின்னால் கதவுக்குள் ஒரு கதிரை அசைந்த சத்தம் கேட்டது. திரையில் எழுத்துகள் வரிசையாக இறங்கின.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு வாசித்தார். இடங்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. கடைசிப் பெயருக்கு என்ன பொருள் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். அவர் சொன்னார். அதிகாரி என்னிடம் நேரடியாக, அதைப் போடு என்றார்.

ஊர்காவற்றுறையில் இருந்து அக்கரைக்கு என்று போட்டேன். இயந்திரம் யோசித்துவிட்டு நேரத்தைச் சொன்னது. எரிபொருளையும் சொன்னது.

இந்தக் கணக்கை வைத்து யார் அக்கரைக்குப் போயிருக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார்.

"ஒருதரும் போகேல்லை. ஒருதராலையும் போகவும் ஏலாது" என்றேன். "இதிலை அலைக்குக் கணக்கில்லை. நீரோட்டத்துக்குக் கணக்கில்லை. இவர் கதிரையிலை இருந்து எழுதினது. கடல் தெரிஞ்ச ஆள் எழுதினால் இப்பிடி எழுதமாட்டார். இவர் நயினாதீவுக்குப் போற வள்ளத்திலையே சத்தி எடுக்கிறவர்."

மொழிபெயர்ப்பாளருக்குச் சத்தி என்ற சொல் விளங்கவில்லை. வாந்தி எடுப்பதைக் கையால் காட்டினேன். சிப்பாய் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டான். அதிகாரி சிரிக்கவில்லை. எல்லா டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். என் பள்ளிக்கூடத்துக் கணக்குப் பயிற்சிகள், இவர் தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்து பார்த்தவை, தமையனார் அனுப்பிய ஒரு சதுரங்க விளையாட்டு. மத்தியானம் கழிந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள். கடைசியில் அதிகாரி எழுந்து பின்கதவைத் திறந்து உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

அப்போது மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்.

"டீச்சர், நீங்க ஒண்ணு சொல்றீங்க. அவர் வேற சொன்னாரு. அது உங்களோட மெசினாம். அதுல என்ன இருக்குன்னே தனக்குத் தெரியாதாம். நேத்துலேருந்து அதத்தான் சொல்லிட்டிருக்காரு."

நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். எங்கே என்று கேட்டபடி அது நின்றது. பயம்கூட இல்லாமல் போய்விட்டது. என்னை இங்கே கூட்டி வந்தது இயந்திரத்தின் பழுது அல்ல, இவருடைய வாய் என்பதும், அந்த இரண்டு விசைகளிலிருந்து விரலை எடுத்தபோது நான் எதை நம்பி எடுத்தேன் என்பதும் மட்டும்தான் மனதில் இருந்தது.

அதிகாரி வெளியே வந்தார். பின்னால் இவர். சேட்டின் தெறிகள் துவாரம் மாறிப் பூட்டியிருந்தன. முகத்தில் காயம் ஏதும் இல்லை. என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். அதிகாரி மொழிபெயர்ப்பாளரின் காதோடு ஏதோ சொன்னார். அவர் எங்களுக்குச் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தா பேசி வச்சிக்கிட்டு சொல்றாங்கன்னு நெனச்சிருப்பேன்னு ஐயா சொல்றாரு. வீட்டுக்குப் போங்க. மெசின் இங்கயே இருக்கட்டும்."

வாசலில் முன்வீட்டு அக்கா வெயிலில் குடையோடு அப்படியே நின்றா. இவரைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டா. வீடுவரை அவதான் பேசிக்கொண்டு வந்தா. வீட்டுக்கு வந்ததும் இவர் கை கால் கழுவிவிட்டுக் குசினி நிலத்தில் கிடந்த அரிசியைக் கண்டார். ஏன் என்று கேட்கவில்லை. குந்தியிருந்து இரண்டு கையாலும் கூட்டி அள்ளி, கல்லும் மண்ணும் பொறுக்கத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாட்களில் ஊர் எங்களோடு அளந்து பேசியது. ஜீப்பில் போனவளைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கேள்வி இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் வந்தால் ஆசிரியர் அறையில் பேச்சு மாறியது. முன்வீட்டு அக்காதான் சங்கக்கடையிலும் கோயிலடியிலும் நின்று, தான் வாசலில் நின்று கண்டதையெல்லாம் சொல்லிச் சொல்லி அதை ஒருவாறு ஆற்றினா. வீட்டுக்குள் நானும் இவரும் தேவையானதை மட்டும் பேசினோம். சாப்பிடுங்கோ. தண்ணி அள்ளி வைச்சிருக்கு. இவ்வளவுதான்.

சில கிழமை கழித்து ஒரு பின்னேரம் ஜீப் வந்து கொம்பியூட்டரை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. டிஸ்க் ஒன்றும் தரவில்லை. நானும் இவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முன்னறைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தோம். வைத்த பிறகு இவர் கையை எடுக்கவில்லை.

"இஞ்சேரும்" என்றார். "ட்ரக்கிலை போகேக்கை அந்த மொழிபெயர்க்கிற ஆள் சொன்னவர், பொம்பிளையின்ரை சாமான் எண்டால் பெரிசா எடுக்கமாட்டினம் எண்டு. அதாலை சொன்னனான்."

"பிறகு என்னைக் கூப்பிடுவினம் எண்டு யோசிக்கேல்லையோ?"

பெட்டியின் மேலிருந்த தூசியை விரலால் வழித்தார்.

"யோசிச்சனான். உது பழுதெண்டால் திறந்து தொடக்க எனக்குத் தெரியாது. நீர் வந்தால் எப்பிடியும் தொடக்கிப்போடுவீர் எண்டு தெரியும். பயத்திலை சொன்னதும் உண்மை. ரண்டும் உண்மை."

தான் கதவுக்குப் பின்னால் இருந்து அந்த இசையைக் கேட்டபோது, நான் அதை நிறுத்தாமல் விட்டுவிட்டேன் என்று தெரிந்து உடம்பெல்லாம் வேர்த்துப் போனதாகவும் சொன்னார். நிறுத்துவேன் என்றுதான் அவர் எதிர்பார்த்திருந்தார். அவர் உள்ளதைச் சொல்லியிருப்பார் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை அப்போது நான் சொன்னேன். நான் துணியை எடுத்து உதறி இயந்திரத்தின்மேல் போர்த்தினேன். பிறகு தேத்தண்ணி போட்டு இருவரும் குடித்தோம்.

தமையனாரிடம் புதிய டிஸ்க் கேட்டு எழுதவில்லை. அந்த முகாம் ஒரு நாள் காலியானது. பிறகு வேறு படை, வேறு பயம். ஊரே தீவை விட்டுக் கிளம்பியபோது நாங்களும் கிளம்பினோம். கொம்பியூட்டரைத் தூக்க ஏலாது என்பதில் எங்களுக்குள் பேச்சே எழவில்லை. கொழும்பில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். இவர் நல்ல தகப்பன். எனக்கு நோய் வந்த காலத்தில் என்னைத் தாயைப் போலப் பார்த்தவர். அந்த இரண்டு உண்மைகளில் எது அவர் மனதில் முதலில் வந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் இப்போதும் பொய் சொல்லமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதனாலேயே கேட்காமல் இருக்கிறேன்.